பெரிய டயர் போட்ட ஜீப்

சிங்கப்பூரின் கிராஞ்சியில் எங்கள் கோழிப்பண்ணைக்குப் போகும் மண்பாதை மழையில் சேறாகிவிடும். அதனால் என் கணவர் எங்களுடைய பழைய ராணுவ ஜீப்புக்குப் பெரிய டயர்களாக மாட்டினார். "இனிமே சேத்துல சிக்காது லா, ஏறு" என்றார். கைக்குழந்தையோடு ஏறினேன்.

குளத்தை ஒட்டிய வளைவில் அவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, பாதியிலேயே டயர் மட்கார்டில் இடித்து நின்றுவிட்டது. "திரும்ப மாட்டேங்குது! பிள்ளையப் பிடிச்சுக்க!" என்று கத்தியபடி பிரேக்கை மிதித்தார். ஜீப் சறுக்கிக்கொண்டே போய்க் கரையில் நின்றது. முன்சக்கரம் ஒன்று தண்ணீருக்கு மேலே தொங்கியது. அசைந்தால் கவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில், பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாக ஊர்ந்து இறங்கினேன். பிறகு அவரும் இறங்கினார். ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தோம்.

ஜீப்பைக் கரையிலிருந்து இழுத்து வந்ததும் பழைய டயர்களையே திரும்ப மாட்டிவிட்டோம். இப்போதெல்லாம் டயர் மாற்றினால், நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இருபக்கமும் கடைசிவரை திருப்பச் சொல்லி, டயர் எங்காவது இடிக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். அப்புறம்தான் பிள்ளையோடு ஏறுகிறேன்.