பெரிய வெள்ளிக்கு இரண்டு துணிகள்

இடி இடித்தால் எங்கள் கிராணியம்மா சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்விடுவார். கனத்த சரீரம், தாழ்ந்த மேசை. அவர் உள்ளே நுழைவதும் வெளியே வருவதும் பெரிய கப்பலைத் துறையில் அணைப்பது போல வெகு நிதானமாக நடக்கும். உள்ளே போய்ச் சேர்ந்ததும் மேசை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, "தம்பி, நீங்களும் வாங்க, எடம் இருக்கு" என்பார். ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். அன்றைய இடி அப்படி. நாங்கள் இருவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு மாதா பிரார்த்தனை சொன்னோம். பினாங்கில் மழை காலம் பார்த்துப் பெய்வதில்லை. ஆகவே அந்த அம்மாளின் வாழ்க்கையில் கணிசமான ஒரு பகுதி மேசைக்கு அடியிலேயே கழிந்தது.

இடி மட்டுமல்ல. பல்லி, குரங்கு, சீனர்களின் பட்டாசு, தந்திச் சேவகன், தொப்பி போட்ட வெள்ளைக்காரன், எல்லாவற்றுக்கும் அவருக்குப் பயம். எல்லாவற்றையும் சேர்த்துத் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் கனம் குறையாத இன்னொரு பயமும் இருந்தது. அது அவருடைய கணவர்.

கணவர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஆபீசில் பெரிய கிராணி. மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவனெல்லாம் மலாய் நாட்டில் கிராணிதான். நான் அவருக்குக் கீழே இருந்த சின்னக் கிராணிகளிலேயே கடைசிச் சின்னவன். மீசை முளைத்திருந்தது, சம்பளம் முளைக்கவில்லை. அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். பகலில் ஆபீஸ், மாலையில் வீடு, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று மூன்று இடத்திலும் அவரே எனக்கு மேலதிகாரி. ஆண்டவருக்குக்கூட என்மீது அத்தனை நேர அதிகாரம் இருந்ததில்லை.

நல்ல மனிதர். கை நீட்டி ஒரு காசு வாங்கியதில்லை, குடித்ததில்லை, பூசைக்குப் பிந்தியதில்லை. அவரிடம் குற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. மற்றவர்களிடம்தான் எல்லாம் இருந்தது. யார் சீட்டாடினான், யார் தாலி கட்டாமல் குடித்தனம் செய்கிறான், யார் பூசையில் தூங்கினான் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. எங்கள் பிரெஞ்சுப் பாதிரியாருக்கு வயதாகிக் காது மந்தமாகிவிட்டதால் கோயில் காரியங்களும் பெரிய கிராணியின் கைக்கு வந்திருந்தன. பாதிரியார் பாவங்களை மன்னிப்பார். மன்னித்தவற்றையும் பெரிய கிராணி ஞாபகம் வைத்திருப்பார்.

பெரிய யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்திய ஒரு தபசு காலத்தில், பெரிய வெள்ளிக்கு முன்னால் வரும் நோன்பு நாட்களில், எங்கள் கோயிலைச் சேர்ந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தொங்கானில் வேலை பார்த்தவர். தொங்கான் என்றால் கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு கொண்டுவரும் பெரிய படகு. சூடான விளக்குக் கண்ணாடியை வெறுங்கையால் பிடித்துக் கழற்றிவிட்டு, சதை பொசுங்குவது தெரியாமல் அவர் பேசிக்கொண்டே நின்றதை யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாள் காலை மாத்தா மாத்தா வந்துவிட்டது. இந்த ஊரில் போலீஸ்காரனுக்கு அதுதான் பெயர். பெருவியாதிக்காரர்களை ஜெரஜாக் தீவில் கொண்டுபோய் வைப்பது சர்க்கார் சட்டம். ஜெலுத்தோங் கடற்கரையில் நின்றால் தெற்கே அந்தத் தீவு பச்சைப் பசேலென்று தெரியும். அதற்குமுன் அழகாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற விதமே மாறிவிட்டது. யாருடைய காது மடல் தடித்திருக்கிறது, யாருடைய புருவம் உதிர்ந்திருக்கிறது என்று கண்கள் தேடின. வியாதி உள்ள இடத்தில் குத்தினால் வலிக்காது என்று எவனோ சொல்லிவைத்தான். ஆபீஸ் குண்டூசிகளை எடுத்துவந்து உடம்பு முழுவதும் குத்திப் பார்த்துக்கொண்டேன். எல்லா இடமும் வலித்தது. இவ்வளவு வலியை அவ்வளவு சந்தோஷமாக நான் அனுபவித்ததில்லை. மற்றவர்களும் இதைத்தான் செய்தார்கள் என்பது ஆபீசில் குண்டூசிப் பெட்டி காலியான வேகத்திலிருந்து தெரிந்தது.

தொங்கான்காரரின் மனைவி சலவை செய்து இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவர். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் போன மறு ஞாயிறே குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பூசைக்கு வந்தார். வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று அவருக்குப் பின்னால் வந்தவர்களில் ஒருவர்கூட அந்தத் தொட்டியில் கை வைக்கவில்லை. பெரிய கிராணி முன்னால் நடந்தார், கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். எனக்கும் அன்று பை இருந்தது.

அந்த அம்மாளின் வலது புறங்கையில் வெளுத்த ஒரு தழும்பு உண்டு. இஸ்திரிப் பெட்டி சுட்டது. எல்லாருக்கும் தெரிந்த தழும்புதான். புருஷன் தீவுக்குப் போனதும் அது சுட்ட தழும்பு என்பது எல்லாருக்கும் மறந்துபோய்விட்டது.

பெரிய வெள்ளி நெருங்கியது. அன்று சிலுவையைப் பீடத்தின் முன்னால் ஒரு திண்டில் கிடத்துவார்கள். கோயிலே வெறுங்காலோடு வரிசையாக வந்து, மண்டியிட்டு, ஆண்டவருடைய பாதங்களில் முத்தமிட்டு முத்தி செய்ய வேண்டும். அத்தனை வாயும் ஒரே பாதத்தில். ஆண்கள் பெரிய கிராணியிடம் வந்து கேட்டார்கள்: அந்தப் பொம்பளையும் வருவாளா? பாதிரியாரிடம் போனார்கள். காதில் விழுந்ததோ விழவில்லையோ, அவர் தமக்குத் தெரிந்த தமிழில், "எல்லாரும் வரணும்" என்று சொல்லிவிட்டார்.

பெரிய கிராணி ஒழுங்கு செய்தார். ஒவ்வொரு முத்திக்கும் பிறகு பாதத்தைத் துடைப்பது என் வேலை. அதற்கு வெள்ளைத் துணி ஒன்று கொடுத்தார். கூடவே மாவுச் சாக்கில் கிழித்த இன்னொரு துணியும் கொடுத்தார்.

"அவ கடைசியா வருவா. அவளுக்கு இது. அப்புறம் இதை எரிச்சிடு."

"எதால பிடிச்சுக்கிறது ஐயா?" என்று கேட்டேன். துணியை எதால் பிடிப்பது என்ற கேள்வி அன்று எனக்கு நிஜமாகவே பெரிய கேள்வி.

"கையாலதான். பின்ன என்ன, காலாலயா?" என்றார்.

அன்று சாப்பிடும்போது மீதியையும் சொன்னார். "பண்டிகை முடியட்டும். திங்கக்கெழமை நானே சர்க்கார் டாக்டர் தொரைகிட்ட போயி சொல்லிடறேன், அவ கையிலயும் வெள்ளை வந்திருச்சுன்னு. கொண்டுபோயி சோதிக்கட்டும்."

"அது இஸ்திரி சுட்டதுங்களே" என்றார் கிராணியம்மா, குழம்பைப் பார்த்துக்கொண்டு.

"நீ டாக்டரா?"

அவர் டாக்டர் இல்லை. சோதனைக்கு என்று போகிறவர்கள் தீவிலிருந்து திரும்ப எத்தனை மாதமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலர் வருவதே இல்லை. அந்தக் குழந்தை கன்னியர் மடத்து அநாதை விடுதிக்குத்தான் போகும். இவ்வளவும் அந்த மேசையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

பெரிய வெள்ளி. சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தியிருந்தது. மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டினார்கள். நான் திண்டின் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன், வலது கையில் வெள்ளைத் துணி, இடது கையில் சாக்குத் துணி. ஆண்கள் முத்தி செய்து முடித்தார்கள். அடுத்தது பெண்கள். எங்கள் கோயிலில் பெண்களில் முதலாவது போகிறவர் எப்போதும் கிராணியம்மாதான். அவர் போகாமல் வேறு யாரும் போகமாட்டார்கள். அன்று அவர் நகரவில்லை. வரிசை நின்றது. முக்காட்டுக்குள்ளிருந்து, "நீங்க போங்க" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "ஐயோ, நீங்க போங்கக்கா" என்றாள் அவள். "போ புள்ள, எனக்குக் கால் மரத்துப்போச்சு." அந்த மாதத்தில் கோயிலுக்குள் யாரும் சொல்லக்கூடாத வார்த்தை அது. பக்கத்தில் இருந்தவள் ஓட்டமாக வந்து முத்தி செய்துவிட்டுப் போனாள்.

ஒவ்வொருத்தியாக வந்து போனார்கள். பெரிய கிராணி தூணருகே நின்று மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தொங்கான்காரரின் மனைவி குழந்தையோடு வந்தார். குழந்தை முதலில், பிறகு தாய். அவர் குனிந்தபோது புறங்கைத் தழும்பு என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் எழுந்தார். சாக்குத் துணியை எடுத்தேன். என் கை பாதத்துக்குப் போவதற்குள் ஒரு பெரிய நிழல் விழுந்தது. கிராணியம்மா, என்றும் இல்லாத வேகத்தில், தடாலென்று மண்டியிட்டார். அவருக்குப் பின்னால் எந்தத் துணியால் துடைப்பது என்பதற்கு எனக்கு உத்தரவு எதுவும் கொடுக்கப்படவில்லை. இரண்டு துணியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதற்குள் அவர் குனிந்து, துடைக்காத அந்தப் பாதத்தில், அதே இடத்தில், உதட்டை வைத்துவிட்டார்.

தைரியம் என்றால் நடுங்காமல் இருப்பது என்று நான் படித்த புத்தகங்களில் இருந்தது. இந்த அம்மாளின் உடம்பு நடுங்கிய நடுக்கத்தில் திண்டு ஆடியது, திண்டின்மேல் சிலுவை ஆடியது. எழுந்திருக்க முடியவில்லை. தொங்கான்காரரின் மனைவிதான் திரும்பிவந்து, அந்தக் கையைக் கொடுத்து எழுப்பினார். கோயில் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி வீட்டில் உபவாசக் கஞ்சியைக் கிராணியம்மா பரிமாற வந்தபோது ஐயா கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"திங்கக்கெழமை போறீங்களா?" என்று கேட்டார் அம்மா.

"எங்க?"

"தொரைகிட்ட." புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னார். "போனா ரெண்டு பேர்னு சொல்லுங்க. அவளுக்கு வியாதின்னா இன்னேரம் எனக்கும் வந்திருக்கும்லா. அவ எச்சி காயல, நான் முத்தி செஞ்சேன். எல்லாரும் பாத்தாங்க."

"ஒனக்கு என்ன பைத்தியமா?"

"இல்லீங்க, பயந்தான்." பிறகு என் பக்கம் திரும்பினார். கேலியாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியவராகக் கேட்டார்: "தம்பி, ஜெரஜாக்ல பல்லி இருக்குமா?"

இருக்கும் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

முன்கூட்டியே இப்படிக் கணக்குப் போட்டுத்தான் வரிசையில் கடைசிக்குப் போனாரா, குனிந்து எழுந்த பிறகு தோன்றியதா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். தெரியவில்லை. எங்கள் எல்லாருக்கும் இருந்த அதே பயம்தான் அவருக்கும் இருந்தது, எங்களைவிட அதிகமாகவே. நாங்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு யாரைத் தள்ளிவைக்கலாம் என்று தேடினோம். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பெருவியாதிக்காரரைத் தொட்ட ஆண்டவரைத்தான் திண்டில் கிடத்தியிருக்கிறோம் என்பது, கையில் இரண்டு துணியோடு இருந்த எனக்கு அன்று தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை ஐயாவுக்குப் பின்னால் வழக்கம்போல ஆபீசுக்கு நடந்தேன். டாக்டர் துரையின் ஆபீசுக்குத் திரும்பும் முனையில் அவர் நின்றார். குடையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். ஒரு ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு கடந்துபோனது. பிறகு நேராகவே நடந்தார்.

எங்கள் கோயில் அன்றோடு திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. தீர்த்தத் தொட்டிப் பக்கம் போகாதவர்கள் வெகுநாள் போகவில்லை. பெருவியாதி முத்தத்தில் அப்படித் தொற்றிக்கொள்வதில்லை என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள், எங்களில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. தொங்கான்காரர் தீவிலேயே இறந்தார். அவர் மனைவி கடைசிவரை இந்த ஊரிலேயே இஸ்திரி போட்டு, மகளைக் கட்டிக்கொடுத்தார். தழும்பு தழும்பாகவே இருந்தது.

மாறியது எங்கள் வீடுதான். கிராணியம்மாவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. தினமும் காலையில் ஐயா மனைவியை ஜன்னலருகே அழைத்துப் போவார். வெளிச்சத்தில் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பி, எங்காவது வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். முதல் நாள் கைக்குட்டையால் பிடித்தார். எத்தனை நாளில் கைக்குட்டை போயிற்று என்று நான் கவனிக்கவில்லை. கலியாணமான நாளுக்குப் பிறகு அவர் மனைவியின் கையைப் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

அதெல்லாம் ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன மாதம் அவர்களைப் பார்க்கப் போனேன். எனக்கும் தலை நரைத்துவிட்டது. ஐயா பென்ஷன் வாங்குகிறார், கண்ணில் புரை விழுந்து பார்வையை முழுக்க மறைத்துவிட்டது. நான் உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு ஜன்னலருகே போனார். அம்மாவும் பின்னால் போய்க் கைகளை நீட்டினார். அவர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பினார்.

"இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கு."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேங்க."

"சரி" என்றார். கையை விடவில்லை.