அக்கா சாத்திய மூடியும் நான் காத்த மூன்றரை மணி நேரமும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்கினேன். பட்டாசு லோடு ஏற்றினேன். கழித்துப் போட்ட ஒரு பேப்பர் கட்டிங் மிஷினை வாங்கி, வாடகைக் கொட்டகையில் போட்டு ஓட்டினேன். இன்று பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் எனக்குச் சொந்தம். அதற்குக் கட்டடம் எழுப்பினேன், தண்ணீரே வராது என்று சொன்ன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். கைதூக்கிவிட ஆள் கிடையாது. இருந்தது ஒரே ஆள், என் அக்கா. அவருடைய முதலாம் ஆண்டு நினைவு மலரில் எழுத என்னைவிட உரிமையுள்ளவர் எவருமில்லை என்பதால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வெம்பக்கோட்டைப் பக்கம். ஐயா விவசாயக் கூலி. ஆத்தா இறந்தபோது அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு ஐந்து. மழை பொய்த்த வருடம் சிவகாசிப் பக்கம் வந்தோம். அக்கா கட்டை அடுக்கி எனக்குச் சோறு போட்டார். பிறகு விஸ்வநத்தத்தில் வாழ்க்கைப்பட்டு, அத்தானும் அவருமாகப் பட்டாசு ஆலைக்குப் போனார்கள். ஒரு மகளைப் பெற்று, ஒரு குறையும் தெரியாமல் வளர்த்தார்கள்.

பட்டாசு அறையில் வேலை நடக்கும்போது கதவைச் சாத்தக் கூடாது. அது எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். ஒருநாள் சாரல் அடித்தது. வெடிமருந்து நனைந்துவிடும் என்று யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே தீப் பிடித்துக்கொண்டது. அக்கா வெளியே நின்றவர். எரிகிற கதவை வெறுங்கையால் இழுத்துத் திறந்தார். இரண்டு பேர் பிழைத்து வந்தார்கள். அத்தான் வரவில்லை. அக்காவின் பத்து விரலும் அன்றோடு மடங்கிப்போயின.

அதற்குப் பின் அக்கா தீக்குச்சி உரசவில்லை, எந்தக் கதவையும் சாத்தவுமில்லை. மாவு பிசையவும் சோறு வடிக்கவும் கை ஒத்துழைக்காது. கரண்ட் குக்கர் வாங்கிக் கொடுத்தேன். மூடி தட்டத் தொடங்கியதும் தெருவுக்கு ஓடினார். எங்கள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் சாப்பாடு போனது. அதில் பாதி திரும்பி வரும். ஆள் இளைத்துக்கொண்டே போனார். மதுரையில் இருக்கும் அவர் மகள் வந்து முடிவாகப் பேசினாள்.

"யம்மா, வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்திருங்க."

"எனக்கு ஒரு வாய்க்கு நானே செஞ்சுக்கிட்டா விட்ருவியா?"

"செஞ்சு காமிங்க. வார ஞாயித்துக்கெழமை காரோட வருவேன்."

என் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த ரொட்டி மிஷின் ஒன்று என் வீட்டில் பிரிக்காமல் கிடந்தது. தீ கிடையாது, பிசைய வேண்டாம், அதுவே பிசைந்து அதுவே சுடும். அன்றே தூக்கிக்கொண்டு போனேன். அக்கா படிக்கவில்லை, என் மூன்றாம் வகுப்புக்கு அந்த இங்கிலீஷ் எட்டாது. அக்கா மகள் செய்முறையைப் போனில் படித்துச் சொன்னாள். முதலில் தண்ணீர், எண்ணெய், உப்பு, சர்க்கரை. அதன்மேல் மைதா. நடுவில் குழி பறித்து ஈஸ்ட். ஈஸ்டில் தண்ணீரோ உப்போ முன்கூட்டிப் படக் கூடாது என்றாள்.

"ரெண்டு மருந்தத் தனித்தனியா வைக்கிறாப்புலதான? இத எனக்கா சொல்லணும்?" என்றார் அக்கா. தராசில் அளப்பதிலும் அவரை மிஞ்ச முடியாது. வெள்ளை ரொட்டிக்கான பொத்தான் அடையாளம் தெரிய, என் பிரஸ்ஸில் அடித்த மயில் லேபிளை அதில் ஒட்டினேன்.

ஆனால் மூடியைச் சாத்த மாட்டேன் என்றுவிட்டார். திறந்தபடியே ஓட்டினார். முதல் நாள் மாவு எழும்பி அமுங்கிப்போனது. மறுநாள் அடி வெந்தது, மேலே பச்சை மாவு. அதற்கு அடுத்த நாளும் அதே கதி. பக்கத்து வீட்டு ஆடுதான் மூன்றையும் தின்றது.

"மூடி சாத்துனாத்தான் வேகும் யக்கா."

"மூடுன எடத்துல சூடு ஏத்துனா என்னாகும்னு எனக்குத் தெரியும்லே. ஒனக்கு லேபிளு ஒட்டத்தான் தெரியும்."

சனிக்கிழமை காலை போனேன். தீபாவளி சீசன். ஆர்டர்காரர்கள் விடாமல் கூப்பிடும் நேரம். போனை அணைத்துப் பையில் போட்டேன். மிஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீ சாத்து. நான் மூடி மேல கை வச்சிருக்கேன். எது ஆனாலும் எனக்குத்தான் முதல்ல" என்றேன்.

அக்கா வாசல் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மடங்கிய விரலால் மூடியைத் தள்ளிச் சாத்திவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"ஏலே, அங்கன என்ன சத்தம்?"

"மாவு சுத்துது."

"இப்ப?"

"சும்மா இருக்கு."

"சும்மா இருக்கப்பத்தாம்லே பயம். தள்ளி உக்காரு."

"மாட்டேன்."

"பெரிய மொதலாளி! செத்துத் தொலையாத, ஒம் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்ல?"

இப்படியே இரண்டு மணி நேரம். சூடு ஏற ஏற என் உள்ளங்கை சுட்டது. எடுக்கவில்லை. வாசம் கிளம்பியதும் வாசலில் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் அக்கா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார்.  மூடி சாத்தி மூன்றரை மணி நேரம் ஆகி மிஷின் கீ கீ என்று கத்தியபோது இருவருமே துள்ளிவிட்டோம். அக்காதான் மூடியைத் திறந்தார். ரொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிறம் மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, "உப்புக் கம்மி" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் முன்னால் மறுபடி சுட்டார். அன்றும் மூடி மேல் என் கை. மகள் போட்டோ எடுத்தாள். சூட்டோடு இரண்டு துண்டு தின்றுவிட்டு, காரைத் தனியாகத் திருப்பிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை நான் போனபோது மிஷின் மூடியபடி ஓடிக்கொண்டிருந்தது. "ஏம்லே வந்த? ஒனக்குப் பிரஸ்ஸுல சோலி இல்லையா?" என்றார் அக்கா.

நான்கு வருடம் தன் வீட்டில், தன் கையால் செய்து சாப்பிட்டார். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அக்கா வீட்டு ரொட்டிதான் போகும். கடைசியில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தபோதும் வீட்டைவிட்டு நகரவில்லை. அன்று என்னைக் கூப்பிட்டு, "பக்கத்துல உக்காருலே" என்றார். உட்கார்ந்தேன். அக்கா உயிர் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்த நாட்களில் மாற்றி மாற்றித் துணை இருந்த தெருப் பெண்களுக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட நர்சம்மாவுக்கும், காரியங்களை எடுத்துச் செய்த சொந்தபந்தங்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இனி அக்கா மகளுக்கு ஒரு வார்த்தை. இந்த மலரின் அட்டைக்கு நீ கொடுத்த போட்டோவில் அம்மா இருக்கிறார், மிஷின் இருக்கிறது. மூடி மேல் இருந்த என் கையை வெட்டிவிட்டாய். கீழே "யார் துணையுமின்றி அம்மா சுட்ட ரொட்டி" என்று எழுதியிருக்கிறாய். மலர் அச்சாவது என் பிரஸ்ஸில். ராத்திரியோடு ராத்திரியாக நான் மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. நீ கொடுத்தபடியே அடித்திருக்கிறேன். திதியன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது வெட்டாத போட்டோவை நீயே அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கட்டடத்தையும் பிரஸ்ஸையும் பற்றி நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். மூடியைச் சாத்தியது அம்மா, சாத்தும்போது பக்கத்தில் இருந்தது மாமா என்று உன் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் நான் இலையில் உட்காருவேன்.