அரக்கிக்குக் குரல் கொடுப்பவள்

கதைக்கூடத்தில் அவளை எல்லோரும் அரக்கியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலோ பூனை மாதிரி. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் கணவர் "என்ன?" என்று இரண்டு தடவை கேட்பார். பன்னிரண்டு வருடம் கார்ட்டூன் அரக்கிகளுக்குக் குரல் கொடுத்தவள். இப்போது பிள்ளைகள் கண்ணில் விஆர் கருவியை மாட்டிக்கொண்டு கதைக்குள்ளேயே நடக்கிறார்கள், அரக்கியிடம் கேள்வி கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிற காலமெல்லாம் மலையேறிவிட்டது.

மேல்மாடியில் அவளுக்கு ஓர் அறை. ஒரு மைக், இரண்டு திரை. ஒன்றில் கதையின் குகை தெரியும், மற்றதில், கீழே முதல் மாடியில் பிள்ளைகள் நடமாடும் கூடம்.

அன்று அரக்கி உறுமியதும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஓட்டம் பிடித்தாள். அக்கா இரண்டாவது திரையைப் பார்த்தாள். பிள்ளை மெத்தைத் தரையைத் தாண்டிவிட்டாள். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணோ, தலைசுற்றி வாந்தியெடுத்த இன்னொரு குழந்தையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். எதிரே கீழிறங்கும் படிக்கட்டு. அதன் தடுப்புக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

அக்கா அபாய மணியை அடித்தாள். கூடத்து இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. கதையை நிறுத்தினால் பிள்ளையின் கண்முன் திரை இருட்டிவிடும். ஓடுகிற வேகத்தில் உருண்டுவிடுவாளே!

"நில்லும்மா!"

மைக்கில் எது போனாலும் அரக்கிக் குரலாகத்தானே வெளியே வரும்? பிள்ளை இன்னும் வேகமெடுத்தாள். படிக்கு இன்னும் நாலடிதான். பாழாய்ப்போன குரல்!

அரக்கி அழத் தொடங்கினாள்.

"என்னை விட்டுட்டுப் போயிடாத கண்ணு. எனக்கு இருட்டுன்னா பயம்."

கதையில் இப்படி ஒரு வரியே கிடையாது. சிறுமி நின்றாள், படி விளிம்பில்.

"நீ அரக்கிதானே? உனக்கு என்ன பயம்?"

"யாருமே என்கிட்ட வரமாட்டேங்கிறாங்க. நீ மெதுவா திரும்பி வர்றியா?"

பிள்ளை திரும்பினாள். ஒவ்வோர் அடியாக வந்தாள். கீழே கூடத்துப் பெண் ஓடிவந்து அவளை அள்ளிக்கொள்ளும்வரை அரக்கி அழுதுகொண்டேயிருந்தாள். அதில் பாதி நடிப்பில்லை.

கொஞ்ச நேரத்தில் சிறுமியின் அம்மா அவளை மேலே கூட்டிவந்தாள். "இந்த அக்காதான் அரக்கி, பாரு."

சிறுமி நம்புவதாயில்லை. குகை தெரிந்த திரையை எட்டிப் பார்த்துவிட்டு, ரகசியம் போலக் கேட்டாள்.

"அவ அங்க தனியாவா இருக்கா?"

"இல்லடா கண்ணு. நான் கூட இருக்கேன்."

"அப்போ வீட்டுக்குப் போறப்ப லைட்ட அணைச்சிடாதீங்க."