ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

அன்ரோனெற் கணினியை நிறுத்தவில்லை. இந்தக் கதையை எங்கிருந்து தொடங்கினாலும் இந்த ஒரு வசனத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. ஆகையால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. நிறுத்தியவள் அவள்தான் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னார்கள். கோயில் வாசலில் சொன்னார்கள். மீன் ஏலம் கூறும் இடத்திலும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவராவது அது நின்ற இரவில் அந்தக் கணினி இருந்த அறைக்குள் வந்து எட்டிப் பார்த்தவர் அல்லர்.

அவள் மன்னார்க் கரையிலுள்ள ஓலைத்தொடுவாயில் பிறந்தவள். உயர்தரப் பரீட்சை எழுத வேண்டிய ஆண்டில் போரால் குடும்பம் இடம்பெயர்ந்தது; பரீட்சை எழுதப்படவில்லை. திரும்பி வந்தபின் கரையோரக் கிராமங்கள் சில சேர்ந்து நடத்திய கடற்றொழிலாளர் சங்கத்தில் தட்டெழுத்து வேலை கிடைத்தது. பின்னொரு காலத்தில் வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்று சங்கத்துக்கு ஒரு கணினியையும், படகுக்கு ஒன்றாகக் கைக்கடக்கமான கருவிகளையும் கொடுத்தது. கருவி படகின் இருப்பிடத்தை அனுப்பும். கணினியிலுள்ள நிரல் அதை வாங்கி வரைபடத்தில் காட்டும். ஏதாவது ஒரு படகு இஞ்சின் இல்லாமல் காற்றோடு இழுபட்டால் உடனே அன்ரோனெற்றின் கைபேசி அலறும். அண்டையில் நிற்கும் படகுகளுக்கும் செய்தி போகும். அதற்குப் பெயர் படகுக் காவல்.

திட்டக்காரர்கள் பயிற்சி கொடுத்த இளைஞன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். கணினி அநாதையாகக் கிடந்தது. அன்ரோனெற் அதை எடுத்துக்கொண்டாள். ஆங்கிலக் கைந்நூல்களை அச்செடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, விளங்காத பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, செய்து பார்த்துப் பிழைவிட்டு, மறுபடி செய்து பழகினாள். அந்தத் தாள்களும், சங்கத்துக்குத் தான் எழுதிய கடிதங்களின் பிரதிகளும் சங்க அலுவலகமான கந்தோரின் அலுமாரிக் கீழ்த்தட்டை நிறைத்தன. எறிந்துவிடும்படி எவராவது சொன்னால், சணல் கயிற்றால் இன்னொரு கட்டுக் கட்டுவாள்.

பிரச்சினை அந்தோனியார் திருநாளோடு வந்தது. திருநாளுக்கு முன் ஒன்பது நாள் நடக்கும் நவநாள் வழிபாட்டை வெளிநாட்டிலுள்ள உறவுகள் நேரடியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் பேதுரு, கோயில் சபையிலும் முன்வரிசையில் நிற்பவர், அந்த வீடியோவைச் சங்கத்தின் கணினி மூலமே அனுப்பலாம் என்று தீர்மானித்தார். மன்னார் நகரில் கலியாண வீடியோ எடுக்கும் மில்ரன் வந்து நிரலைப் பதித்தான்.

"செக்கிரற்றரி, இந்த மெசினிலை ரெண்டையும் போட்டால் நினைவகம் காணாது," என்றாள் அன்ரோனெற்.

"ஏன் பிள்ளை காணாது? நீர் சமைச்சுக்கொண்டு ரீவி பாக்கிறேல்லையோ?"

"பாக்கிறனான்தான். அதாலை எத்தினை தரம் கறி அடிப்பிடிச்சதெண்டும் எனக்குத்தான் தெரியும்."

மில்ரன் சிரித்தான். பேதுரு சிரிக்கவில்லை.

அன்ரோனெற் அதோடு விடவில்லை, எழுத்திலும் கொடுத்தாள். படகுக் காவலுக்கென்று நினைவகத்தில் ஒரு பங்கைப் பறிக்க முடியாதபடி ஒதுக்க வேண்டும், வீடியோவுக்கு ஒரு மேல் எல்லை வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். எல்லை வைத்தால் கனடாவில் பார்ப்பவர்களுக்குப் படம் விக்கி விக்கி நிற்கும் என்று பேதுரு மறுத்தார். "முதல்லை சோதிச்சுப் பாப்பம்," என்றார். கொடியேற்றத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சோதித்தார்கள். பூசை முழுவதும் தடையின்றிப் போயிற்று. வரைபடமும் தன் பாட்டில் திறந்திருந்தது. எல்லாம் சரி என்று பேதுரு சொன்னார். அன்ரோனெற்றுக்கும் அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கண்முன்னே சரியாக ஓடியதை ஓடவில்லை என்று எப்படிச் சொல்வது?

நவநாளின் மூன்றாம் நாள், புதன்கிழமை. பின்னேரம் படகுகள் வழமைபோலத் தொழிலுக்குப் போயின. மணி அடித்தது, வழிபாடு தொடங்கியது, வீடியோவும் தொடங்கியது. அன்ரோனெற் கோயிலில் இருந்தாள். கைபேசி மடியில் இருந்தது, அது அலறவில்லை. அலறாவிட்டால் கடலில் குறையில்லை என்பதுதான் அத்தனை ஆண்டுப் பழக்கம். காவல் இருக்கும் அமைதியும் காவல் செத்த அமைதியும் காதுக்கு ஒன்றுதான் என்பதை அவள் மறுநாள் காலைதான் அறிந்தாள்.

அவளுடைய தங்கை பெற்றிசியாவின் கணவன் வின்சன்டின் இஞ்சின் நடுக்கடலில் நின்றுபோயிருந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று படகை இழுத்துக்கொண்டு போனது. கணினி ஓடுகிறது, ஆட்கள் வருவார்கள் என்று நம்பி அவன் காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. விடிந்தபின் தற்செயலாக வந்த படகொன்றுதான் கட்டி இழுத்துவந்தது. நங்கூரக் கயிறு அறுத்து அவன் உள்ளங்கை பிளந்திருந்தது.

பெற்றிசியா தமக்கையின் வீட்டு வாசற் படலைக்கு வந்தாள், உள்ளே வரவில்லை.

"அக்கா, நீ கோயில்லை செபம் சொல்லேக்கை என்ர மனுசன் கடல்லை செத்துக்கொண்டிருந்தவர். கரைச்சல் வேண்டாமெண்டு கொம்பியூட்டரை நிப்பாட்டிப்போட்டுப் போனியாம். மெய்யோ?"

"ஆரடி சொன்னது?"

"ஊரே சொல்லுது."

அன்ரோனெற் கந்தோருக்கு ஓடினாள். படகுக் காவல் நின்றுபோயிருந்தது. ஏன் நின்றது என்பதை இயங்குதளமே குறித்து வைத்திருந்தது: நினைவகம் போதாமையால் இந்த நிரல் கொல்லப்பட்டது.

கொன்றது கேர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. அது கெட்டதன்று. படகின் ஐஸ் பெட்டியை நினைத்துக்கொண்டால் விளங்கும். பெட்டி ஒன்று, மீன் வைக்க வந்தவர்கள் இருவர். பெட்டிக்குப் பொறுப்பானவன் முதலில் உருகிய தண்ணீரை வடிப்பான், வெறும் சாக்குகளை எடுத்து வெளியே போடுவான். அதுவும் காணாதென்றால், உடனே தேவைப்படாத மீனை வெளியே எடுத்து ஈரச்சாக்கின்கீழ் வைப்பான். கேட்டால் மறுபடி உள்ளே கொண்டுவருவான். நெருக்கடி முற்ற முற்ற உள்ளேயும் வெளியேயும் ஓடுவதே அவன் வேலையாகிவிடும். கடைசியில், பெட்டி வெடிக்காமலிருக்க, ஒருவருடைய மீன் முழுவதையும் கடலில் கொட்டுவான். யாருடையதை? அதிக இடம் பிடித்தவருடையதை. ஆனால் ஒருவர் தன் மீன்மேல் 'இதைத் தொடாதே' என்று குறியிட்டிருந்தால், அது எவ்வளவு பெரிதாயிருந்தாலும் விட்டுவிட்டு மற்றவருடையதைக் கொட்டுவான்.

வீடியோ நிரலின்மேல் அந்தக் குறி இருந்தது. படகுக் காவலின்மேல் இல்லை.

"நான் எல்லா இடமும் அப்பிடித்தான் போடுறனான், அக்கா," என்றான் மில்ரன். முகம் வெளிறியிருந்தது. "கலியாண வீட்டிலை படம் நிண்டா அடிக்க வருவினம். இது கடல் விசயம் எண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை."

சொல்லியிருந்தாள். எழுதியும் கொடுத்திருந்தாள். அந்தக் கடிதம் பேதுருவைத் தாண்டி மில்ரனிடம் போகவில்லை.

அன்று கூடிய கூட்டத்தில் அவள் கணினியின் குறிப்பை அச்செடுத்து நீட்டினாள். பேதுரு வாங்கி, தூரப் பிடித்து வாசித்தார்.

"கொல்லப்பட்டது எண்டு கிடக்கு. ஆர் கொன்றது? கொம்பியூட்டர் தன்ர பிள்ளையைத் தானே கொல்லுமோ? நாளைக்கு என்ர குக்கர் சோத்தைக் கொன்றுபோட்டுது எண்டு மனுசி சொன்னா நான் நம்ப வேணுமோ?"

சபை சிரித்தது. கணினி அறையின் பூட்டைத் திறக்கும் திறப்பை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவளைக் காவலிலிருந்து நிரந்தரமாக நீக்குவதென்று பேச்சு. பொய் சொன்னவர்களிடம் திறப்பு. மெய் சொன்னவளிடம் வெறுங்கை. இதற்கு அவள் அழவில்லை. அவளுக்கு நெஞ்சு எரிந்தது வேறொன்றுக்கு: அந்தக் குறி இன்னும் வீடியோவின்மேலேயே இருந்தது. அடுத்து எவருடைய படகு என்பதுதான் கேள்வி.

காற்று வலுத்ததால் அடுத்த இரு நாளும் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. வீடியோ அழகாகப் போயிற்று. காவலும் நிற்கவில்லை. "அவ கை வைக்காட்டி எல்லாம் சரியா ஓடுது, பாத்தியளோ?" என்று பேதுரு கேட்டார். அதற்கும் ஆட்கள் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களில் வின்சன்ட் இல்லை; அவன் கட்டுப்போட்ட கையோடு வீட்டில் கிடந்தான்.

சனிக்கிழமை காலை சிலாவத்துறையிலிருந்து ஐஸ் லொறி கொண்டுவரும், ஊரார் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பைசர் கரையைப் பார்த்துவிட்டு, லொறியைத் திருப்பிக்கொண்டு நின்றார். அன்ரோனெற் மதிலோரம் நின்றதைக் கண்டார்.

"என்ன தங்கச்சி, சோளகம் என்ர ஐஸையும் விடுகுதில்லை. கடலுக்கு ஆளில்லாட்டி எனக்கென்ன வேலை? நாளைக்கும் வரமாட்டன். ஞாயிற்றுக்கிழமை உங்கட கரையிலை ஐஸ் கொண்டந்தா, அதைத் தலையிலை வச்சுக்கொண்டுதான் போகோணும்."

"நாளைக்கு ஒருத்தரும் கடலுக்கு வலிக்கமாட்டினம், காக்கா. ஞாயிறெல்லே."

"அதைத்தான் சொல்லுறன். ஞாயிறு பாத்து இந்த ஊரிலை ஐஸ் எவ்வளவு தேவையெண்டு கணக்குப் பண்ணினா, நான் பட்டினி கிடந்து சாவன்."

அவர் வாகனத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்ரோனெற் நின்ற இடத்திலேயே நின்றாள். சோதனை செய்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு கத்தோலிக்கக் கரையில் படகு கடலில் இல்லை, கருவிகள் அணைந்திருந்தன, காவல் நிரல் நித்திரை கொள்ளும் பிள்ளைபோலக் கொஞ்ச இடத்திலேயே சுருண்டு கிடந்தது. புதனன்று எல்லாப் படகும் கடலில். ஒவ்வொன்றின் தடத்தையும் அது ஏந்திக்கொண்டு நின்றது. காற்றடித்த நாட்களிலும் கருவிகள் அணைந்தேயிருந்தன. சரியாக ஓடிய நாளெல்லாம் காவலுக்கு வேலையில்லாத நாள். இவர்கள் ஐஸ் பெட்டியைச் சோதித்தது மீன் இல்லாத நாளில்!

கோபத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன்மேலும் கோபம் வந்தது. தானும் அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்மூடி நின்றவள்தானே.

மீண்டும் கடலில் படகுகளை விட்டுச் சோதித்துக் காட்ட அவள் ஒப்பமாட்டாள். அதற்குத் தேவையுமில்லை. ஞாயிறு பின்னேரக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒன்றைத்தான் கேட்டாள்: படகுகள் மணலிலேயே நிற்கட்டும், கருவிகளை மட்டும் போடுங்கள், நவநாள் மணி அடிக்கும்வரை பொறுங்கள்.

"ஞாயிற்றுக்கிழமை தோணியிலை கை வைக்கிறதோ?" என்று பேதுரு எழும்பினார். "எங்கட தகப்பன்மார் செய்யாத வேலை."

"சுவிச்சுப் போடுறது தொழிலோ, செக்கிரற்றரி?"

"இண்டைக்கு சுவிச்சு, நாளைக்கு வலை. அப்பிடித்தான் துடங்கும்."

பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். வலக்கையில் கட்டு. "சுவிச்சுப் போடுறது பாவமெண்டால் நான் சுவாமியிட்டைப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யிறன்," என்றான் வின்சன்ட். "நான் கடல்லை கிடந்தனான். எனக்கு ஏனெண்டு தெரிய வேணும்." இடக்கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு கரைக்கு நடந்தான். அவன் பின்னால் ஒருவர், பிறகு நாலைந்து பேர், பிறகு எல்லாரும்.

கருவிகளைப் போட்டதும் கந்தோர்த் திரையில் பச்சைப் புள்ளிகள் முளைத்தன. மணலில் வரிசையாய் நின்ற படகுகள் ஒன்றன்மேலொன்று குவிந்ததுபோல் தெரிந்தன. விசைப்பலகையில் மில்ரன் இருந்தான். அன்ரோனெற் கதவடியில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தொட்டாள் என்று நாளைக்கு எவரும் சொல்லக் கூடாது.

மணி அடித்தது. வீடியோ தொடங்கியது. கணினியின் காற்றாடி இரைந்தது. புள்ளிகள் அசையாமல் நின்றன. மணலில் நிற்கும் படகு அசையாதுதானே என்று ஆட்கள் இருந்தார்கள். பாடகர் குழு இரண்டாம் பாட்டை எடுத்தது. வரைபடம் வெறுமையாயிற்று.

ஒரு புள்ளியும் இல்லை. பக்கத்துத் திரையில் கோயில் குருவான சுவாமி தூபம் காட்டிக்கொண்டிருந்தார். புகைகூட விக்காமல் சுருள்சுருளாக எழுந்தது.

"பூசை நல்லாத்தான் ஓடுது," என்றது பின்னாலிருந்து ஒரு கிழவரின் குரல். இந்த முறை எவரும் சிரிக்கவில்லை.

வின்சன்ட் பேதுருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேதுரு திறப்பை மேசையில் வைத்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. கூட்டக் குறிப்பில் "தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதச் சொன்னார். கோளாறு தொழில்நுட்பத்தில் இல்லை, புறக்கணிக்கப்பட்ட எச்சரிக்கையில் இருந்தது என்று அன்ரோனெற் எழுந்து சொன்னாள். அதையும் எழுதச் சொன்னாள். எழுதி முடியும்வரை உட்காரவில்லை. குறிப்பின் பிரதியொன்று அலுமாரிக் கீழ்த்தட்டுக்குப் போயிற்று.

அன்றே குறியை அழித்தாள். காவலுக்குப் பறிக்கமுடியாத பங்கை ஒதுக்கினாள். வீடியோவுக்கு எல்லை வைத்தாள். நெருக்கடி வந்தால் அது தன் எல்லைக்குள்ளேயே முட்டிக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை காற்று தணிந்தது. படகுகள் எல்லாம் போயின. வின்சன்டின் படகும் அவன் தம்பியோடு போனது. பெற்றிசியா கந்தோருக்கு வந்து, வரைபடத்துக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எந்தப் புள்ளி தன் வீட்டுடையது என்று மட்டும் கேட்டாள். அன்ரோனெற் விரல் வைத்துக் காட்டினாள்.

வழிபாட்டின் நடுவே பேதுரு கைபேசியைக் காதில் வைத்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பிள்ளை, படம் நிண்டுபோச்சு! கனடாவிலையிருந்து ஆறேழு பேர் கோல் எடுத்திட்டினம். சுவாமி வாயைத் திறந்தபடி நிக்கிறாராம்!"

அன்ரோனெற் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பச்சைப் புள்ளிகள் மேற்கே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

"நிக்கட்டும், செக்கிரற்றரி," என்றாள். "சுவாமி கரையிலைதானே நிக்கிறார்."