தனக்குத் தானே போட்ட தபால்

அம்மா தனக்குத் தானே பதிவுத் தபால் போட்டுக்கொள்வாள். ஒரு பாட்டுக்கு மெட்டுக் கட்டியதும் சொல்லையும் சுரத்தையும் எழுதி உறையில் வைத்து, அரக்கு ஒட்டி, தன் விலாசத்துக்கே அனுப்புவாள். தபால்தலையை நாக்கில் நனைத்து ஒட்டுவது மகளின் வேலை. வந்த உறையைப் பிரிக்காமல் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவாள்.

அவளுடைய பாட்டொன்றைத் தம்பி தன்னுடையதென்று மேடையேற்றிய மறுவாரம் தொடங்கிய பழக்கம் அது. காரணம் தெரியாத தம்பி வரும்போதெல்லாம் கேட்பார்: "என்னக்கா, பதில் வந்துச்சா?" தெருவே சிரிக்கும்.

அவர் அதோடு நிற்கவில்லை. அடுக்களையிலிருந்து காதில் விழுந்ததையெல்லாம் தன் பெயரில் இசைத்தட்டாக்கினார். "தம்பியாச்சே" என்று பல்லைக் கடித்துக்கொண்டே அம்மா போய்ச் சேர்ந்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற மகள், சீருடை தைக்கும் கூடத்தில் பொத்தான் துளை போடும் மெஷினில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடம். வாயில்லாப் பூச்சி என்றது சொந்தபந்தம். பூச்சிக்குக் கண் இருந்தது.

மறந்துபோன பெண்களின் பாட்டுகளைத் தேடித் திரட்டும் பாட்டு டீச்சர் ஒருவர் அவளைக் கண்டுபிடித்து வந்தார். அம்மாவின் பாட்டுகளைப் பாட, வாரிசான மகளின் கையெழுத்து வேண்டும்.

"ஆனா ஊரே பாடுற அந்தப் பெரிய பாட்டு, அம்மாவோடதுன்னு நீங்க சொன்னாலும், உங்க மாமா பேர்ல இருக்கும்மா. அதுக்கு அவர்தான் அனுமதி கொடுக்கணும்."

"அவரை வரச் சொல்லுங்க டீச்சர். கம்பெனிக்காரரும் கூட இருக்கட்டும்."

இசைத்தட்டுக் கம்பெனி அறையில் மாமா கால்மேல் கால் போட்டிருந்தார். "தாராளமா பாடட்டும். எங்கக்காவுக்குச் சுரம் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

அவள் ஓர் உறையை மேசையில் வைத்தாள். தபால்தலை தலைகீழாக இருந்தது. அப்படி ஒட்டியதற்கு அன்று வாங்கிய குட்டு இன்னும் மறக்கவில்லை. அந்த உறைக்குள் எந்தப் பாட்டு என்பதும் மறக்கவில்லை. தபால் முத்திரையின் தேதி, மாமாவின் இசைத்தட்டுக்குப் பதினோரு மாதம் முந்தியது.

பொத்தான் துளை வெட்டும் சின்னக் கத்தியை உறைமேல் வைத்தாள்.

"பதில் வந்துடுச்சு மாமா. நீங்களே பிரிங்க."

அவர் பிரித்தார். கம்பெனிக்காரர் வாங்கி முதல் அடியை வாய்விட்டுப் படித்தார். ஊரே முணுமுணுக்கும் அடி அது.

மாமா குரலைத் தணித்தார். "குடும்ப மானம்மா. நமக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்."

"பேச என்ன மாமா இருக்கு? எழுதுங்க."

அனுமதிப் படிவத்தில் 'இயற்றியவர்' என்ற இடத்தில் அக்காவின் பெயரை அவரே எழுதினார். இரண்டாம் எழுத்திலேயே பேனா தடுக்கியது.

டீச்சருக்குப் பரபரப்பு தாங்கவில்லை. "மிச்சத்தையும் கொண்டு வாங்கம்மா, ஒரேயடியா பார்த்துடலாம்."

"இன்னும் பத்தொன்பது இருக்கு டீச்சர். எதுல எந்தப் பாட்டுன்னு எனக்கே தெரியாது."

அக்காவின் பாட்டில் எத்தனையை எடுத்தோம் என்பது மாமாவுக்குத் தெரியும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாரத்துக்கு ஒண்ணுதான். மாமா வந்து அவர் கையால பிரிச்சாத்தான் என் கையெழுத்து." கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டாள். "அடுத்த புதன்கிழமை எனக்கு மதியத்துக்கு மேலதான் வேலை. காலையிலேயே வந்துடுங்க மாமா."