கைவிடப்பட்டவர் என்று எழுதினேன்

புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில், விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தரும் உதவித்தொகை மனுக்களைப் பார்க்கும் எழுத்தராக இருக்கிறேன். என் கோப்பில் ஒரு பொய் வரிகூட இருக்காது என்று எனக்குக் கர்வம் இருந்தது.

பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் விற்கும் பெண் ஒருத்தி வந்தாள். கணவன் கடலுக்குப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. கவிழ்ந்த படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் தரமாட்டார்கள். ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றது சட்டம்.

என் மேலதிகாரி இரக்கமுள்ளவர். அவர்தான் வழி சொன்னார்.

"கணவனால் கைவிடப்பட்டவர்னு மனு போடச் சொல்லுப்பா. அதுக்குச் சான்றிதழ் வேணாம், அக்கம்பக்கத்துல விசாரிச்சா போதும்."

அவளிடம் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"அவுரு என்ன வுட்டுட்டு ஓடல சார். கடலுக்குப் போனாரு."

மனுவை வாங்காமலே போய்விட்டாள். ஆனால் மழைக்காலத்தில் மீன் வரத்து நின்றதும் திரும்பி வந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே எழுதிக்கோங்க சார். ஊருல யாருக்கும் தெரியாதில்ல?"

நேரில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. அதை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அடுத்த வாரம் ஸ்கூட்டரில் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். கணவன் வீட்டாரில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அவனுடைய அண்ணன் வந்தார். தெருவே கூடி நின்றது.

"உங்க தம்பி இவங்கள விட்டுட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டேன்.

அவர் தம்பி மனைவியை ஒரு முறை பார்த்தார். பிறகு, "ஆமா சார், ஓடிப்பூட்டான்" என்றார். அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, "எவளையோ இட்டுகினு ஓடிப்பூட்டான்" என்று சேர்த்தார். நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். உதவித்தொகையும் வந்தது. அவளுக்கு அது தேவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதன்பின் வந்த மனுக்களில் விதிக்குப் பொருந்தாததைப் பொருத்தி எழுதப் பழகினேன். முதலில் நல்லதுக்காக, பிறகு வேலை சீக்கிரம் முடிவதற்காக. இப்போதெல்லாம் யாரிடமும் நேரில் போய் விசாரிப்பதுகூட இல்லை. மேசையில் உட்கார்ந்தே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். வேறு பக்கம் திரும்பி மீனை அரியத் தொடங்கினாள்.