மஸ்கட்டுக்குப் போன நகல்

சீர்காழியில் ஒரு வாத்தியார் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டதாம். மகள் கல்யாணம் முதல் பேரன் காதுகுத்து வரை, படம் வீடியோ எல்லாமே போய்விட்டதாம். கமருன்னிஸாவிடம் இதைச் சொன்னவள் பக்கத்து வீட்டு நீலாம்பாள். நீலாம்பாளுக்குச் சொன்னது அவள் நாத்தனார். நாத்தனாருக்கு யார் சொன்னார்களோ.

"வாத்தியாரு ரெண்டு நாள் சாப்பிடவே இல்லியாம் கமரு. பொட்டியத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே இருந்தாராம்."

"எனக்கு அந்தக் கவலை இல்லக்கா. சி டிரைவ்ல இருக்குற எல்லாத்துக்கும் டி டிரைவ்ல ஒரு காப்பி வச்சிருக்கேன். சி போனா டி."

"சரி, டி போனா?"

கமருன்னிஸா சிரித்தாள். நீலாம்பாள் போன பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை.

நன்னிலத்தில் ப்ளஸ் டூ முடித்த கையோடு அவளுக்குக் கல்யாணம். கணவன் ஜாஃபர் சாதிக் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. மகள் நிலோஃபர் பிறப்பதற்கு முன்பே, ஊருக்கு வந்த யார் கையிலோ ஒரு வீடியோ கேமராவைக் கொடுத்தனுப்பினான். அடுத்த லீவில் வந்தபோது கம்ப்யூட்டரும் வாங்கிவைத்தான். கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது, தேதிவாரியாகப் பிரித்து வைப்பது எல்லாம் அவள் தானாகக் கற்றுக்கொண்டவை. அந்தக் கேமராவுக்கான கேசட் நன்னிலத்தில் கிடைக்காது. அதனால் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் பழையதை அழித்து அதன் மேலேயே எடுப்பாள்.

இப்போது 2010. நிலோஃபருக்கு ஏழு வயது. அப்பாவும் மகளும் சேர்ந்து இருந்தது மொத்தம் நூற்று முப்பத்தைந்து நாள். மீதியெல்லாம் வீடியோவாக அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான். "ஒரேயடியா ஊருக்கு வந்தப்புறம் மூணு பேரும் உக்காந்து முதல்லேருந்து பாக்கணும். அதுவரைக்கும் ஒண்ணக்கூடப் பாக்க மாட்டேன்" என்று ஜாஃபர் பிடிவாதமாகச் சொல்லியிருந்தான்.

மறுநாளே கம்ப்யூட்டர் கடை பகலவனை வீட்டுக்கு வரவழைத்தாள். அவன்தான் அதைப் பொருத்திக் கொடுத்தவன். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான்.

"இதுல டி எங்க தம்பி?"

"இதாங்கக்கா."

"அப்ப சி?"

"அதுவும் இதாங்க. டிஸ்க்கு ஒண்ணுதான், ஒரே வயல் மாதிரிங்கக்கா, நடுவுல வரப்பு போட்டுக் குடுத்தேன். வெள்ளம் வந்தா ரெண்டு பக்கமும்தான் முழுவும்."

"ஆறு வருசமா இத நீ சொல்லவே இல்லியே!"

"நீங்க கேக்கவே இல்லியே!"

அவன் வெளியில் செருகும் டிஸ்க் ஒன்றையும், நகலெடுக்கும் மூன்று மென்பொருள்கள் உள்ள சி.டி. ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனான். கமருன்னிஸா மூன்றையும் ஒரு வாரம் சோதித்தாள். முதலாவது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. அதை அவிழ்க்க அதே மென்பொருள் வேண்டும். இரண்டாவது, கம்ப்யூட்டரில் இருப்பதை வெளி டிஸ்க்கில் அச்சு அசலாக வைத்தது. அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இருந்தாலும் சோதனைக்காக வேண்டாத படம் ஒன்றை இங்கே அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அது அங்கிருந்த படத்தையும் அழித்திருந்தது. நிலோஃபர் விளையாட்டாக எதையாவது அழித்தால் நகலும் சேர்ந்தல்லவா போகும்? மூன்றாவது, புதிதாக வந்ததை மட்டும் சேர்க்கும், எதையும் அழிக்காது. எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் வீடியோ ஓடும். அதையே வைத்துக்கொண்டாள்.

ஆனால் நகலும் அதே வீட்டில்தானே இருக்கிறது? இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகை மழையில் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நகல் வேறு எங்காவது இருக்க வேண்டும். அந்தத் தெருவில் யார் மஸ்கட்டுக்குக் கிளம்பினாலும் பத்து வீட்டுப் பார்சல் கூடவே போகும், வருகிறவர் கையில் பத்து வீட்டுக்கு வரும். கருவாடு போகிறது, முறுக்கு போகிறது. டிஸ்க் போகக்கூடாதா? ஒன்று அங்கே, ஒன்று இங்கே. போகிறவர் கொண்டுபோக, வருகிறவர் கொண்டுவர, மாற்றிக்கொண்டே இருக்கலாம். இரண்டாவது டிஸ்க்கை அடுத்த மாதம் வாங்குவதென்று முடிவு செய்தாள்.

லீவு முடிந்து மஸ்கட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்தான் எதிர்வீட்டு யூனுஸ்.

"மூணு கிலோ இடந்தான் இருக்குக்கா. எங்கம்மா நார்த்தங்கா ஊறுகாயே ரெண்டு கிலோ."

"இத ஊறுகாயோட வைக்காதடா. கைப்பையில வச்சுக்க. கீழ போட்டே, உன் கல்யாணத்துக்கு வர மாட்டேன்."

"ஏர்போர்ட்ல என்னான்னு கேட்டா?"

"என் மவளுன்னு சொல்லு."

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து மூடிக் கொடுத்தாள். அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு வீடியோவைத் திறந்து பார்த்திருந்தாள், ஓடின. ஆயிரத்துச் சொச்சத்தையும் பார்க்க ஏது நேரம்?

யூனுஸ் போன ஐந்தாம் நாள், விட்டு விட்டு மின்சாரம் வந்த ஒரு காலையில், கம்ப்யூட்டர் பல்லி போலச் சத்தம் போட்டது. திரை கறுப்பாகவே நின்றது. பகலவன் வந்து காதை வைத்துக் கேட்டான்.

"டிஸ்க்கு போச்சுங்கக்கா. மெட்ராஸ்ல பிரிச்சுப் பாக்குறாங்க, வரும்னு சொல்ல முடியாது. காப்பி இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் ஜாஃபரைப் போனில் பிடித்தாள். டிபன் டப்பா பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டதாம், பிரிக்காமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறானாம்.

"பிரிங்க. பிரிச்சு, யார் கம்ப்யூட்டர்லயாவது போட்டு, எல்லா வருசத்துலேருந்தும் ரெண்டு மூணு ஓட்டிப் பாருங்க. ஓடுதா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க."

"ஒண்ணா பாக்கலாம்னு சொன்னோமே கமரு."

"இருந்தாத்தாங்க ஒண்ணா பாக்க முடியும்."

"இப்ப சைட்ல மாட்டிக்கிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிஞ்சதும் பாத்துட்டு நானே கூப்புடுறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை வந்தது. பகலவன் புது டிஸ்க்கை மாட்டி, காலியாகத் தயார்படுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தான். மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. மஸ்கட்டில் இரண்டரை. ஜும்மா முடிந்து, சாப்பாடும் முடிந்திருக்கும். ஐந்து மணிக்கு அவளால் பொறுக்க முடியவில்லை. அவளே கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள்.

"அத்தா எடுக்கலியாம்மா?" என்றாள் நிலோஃபர்.

"இல்லடி."

"வீடியோ பாத்துக்கிட்டு இருப்பாங்க. சத்தமா வச்சிருந்தா போன் அடிக்கிறது கேக்குமா?"

கமருன்னிஸா மகளைப் பார்த்தாள். அப்படியும் இருக்கலாம். ஒன்றைத் திறந்தவன் அடுத்ததைத் திறக்காமல் இருப்பானா? மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, போனை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தாள். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.